ராஜாவிடம் யார் சொல்வது

பால்கனிக் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் இந்த மனுஷன் கதவைச் சாத்திக்கொண்டு போன் பேசி நான் பார்த்ததில்லை. ரயில்வேயில் சிக்னல் பிரிவு. தண்டவாளத்துப் பக்கம் நின்று கத்திக் கத்திக் குரல் ஏறிவிட்டது, ஹாலில் நின்று பேசினால் கீழ்வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டு விஷயத்துக்கு யோசனை சொல்வார்கள். அந்த ரகுபதி இன்றைக்கு மத்தியானம் இரண்டேகால் மணிக்கு, சாலிகிராமத்து வெயில் மொத்தமும் இறங்குகிற பால்கனியில், காய்கிற துணிகளுக்கு நடுவே, கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறார். லீவு வேறு போட்டிருக்கிறார். எதற்கு லீவு என்றால் சும்மாதான் என்கிறார். சும்மா லீவு போடுகிற ஆள் இல்லை, எங்கப்பா காரியத்துக்கே அரை நாள்தான் போட்டார். நான் வேலை மேஜையில், ஒரு காதில் மட்டும் ஹெட்போன். திரையில் எட்டாம் ஹென்றி ராஜா படுக்கையில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறார், நான்தான் நிறுத்திவைத்திருக்கிறேன். லண்டனில் எடுத்த தொடர், டியூடர் வம்சத்து ராஜா ராணிகளைப் பற்றி, ஆறு பாகம். பாதி நாடகம், பாதி பேராசிரியர்கள் பழைய அரண்மனைகளில் நடந்துகொண்டே விளக்குவது. தமிழில் வசனம் எழுதித் தருவது என் வேலை. மூன்று பாகம் முடித்தாயிற்று, இது நாலாவது, ஹென்றி சாகிற பாகம். வெள்ளிக்கிழமை டப்பிங். இந்தத் தொழிலில் காதைவிடக் கண்தான் முக்கியம். திரையில் இருப்பவன் இங்கிலீஷில் என்ன சொன்னாலும் சரி, எங்கே உதடு ஒட்டுகிறதோ அங்கே நம் சொல்லிலும் ப வர வேண்டும், ம வர வேண்டும். கீழுதட்டில் பல் பட்டால் வ. பதினெட்டு வருஷமாக மற்றவர்கள் வாயில் நம் சொல்லை வைத்து வைத்து, சத்தமில்லாமல் ஒரு வாய் அசைந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரியைக்கூட விடமாட்டேன். இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் வாய்.

முதலில் உதடு ஒட்டியது. ம. மச்சான். என் அண்ணன் திருமலையைத்தான் அப்படிக் கூப்பிடுவார். அண்ணன் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் முப்பது வருஷம் இருந்து ரிட்டையர் ஆனவன். அவனோடு இவருக்குப் பேச்சு என்றால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான், அதுவும் நான் போனைக் கையில் திணித்தால். செவ்வாய்க்கிழமை மத்தியானத்தில் என்ன. பிறகு உதடு ஒட்டவே ஒட்டாத ஒரு துண்டு. தெரியாது, சொல்லல. அப்புறம் இரண்டு முறை ஒட்டி, மூன்றாவதற்குக் கீழுதட்டில் பல் பட்டது. பயப்படுவா. இதே அளவில் வேறு எதுவும் பொருந்தலாம், பம்புக்கு வயர் என்றாலும் அப்படியேதான் ஒட்டும். ஆனால் பம்புக்கு வயர் வாங்குகிற மனுஷன் அப்படி நெற்றியைத் தேய்த்துக்கொள்வானா. திரும்பி என்னைப் பார்த்தார். நான் சட்டென்று ஹென்றியைப் பார்த்தேன். ஹென்றியின் தாடியில் மேக்கப்காரன் தடவின வெள்ளைப் பொடி தனியாகத் தெரிகிறது, பாவம், நல்ல நடிகர், மூச்சு வாங்குவதை எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார். கண்ணை நிமிர்த்தினால் இவர் முதுகைக் காட்டி நிற்கிறார். அதுவும் கணக்கில்தான் சேரும், முகத்தைத் திருப்பிக்கொண்டது. பயப்படுவா என்றால் யார் பயப்படுவாள். இந்த வீட்டில் வேறு பெண் இல்லை.

சனிக்கிழமை. எல்லாம் சனிக்கிழமையில் ஆரம்பித்தது, அந்த ஸ்கேன் அறையில். இரண்டு பேரும் ஜோடியாக மாஸ்டர் செக்கப் செய்தால் சலுகை என்று பேப்பரில் போட்டிருந்தான், நான்தான் இழுத்துக்கொண்டு போனேன், ஐம்பத்தொன்று ஆகிறது ஒருதடவையாவது பார்க்க வேண்டாமா என்று. வெறும் வயிறு, ரத்தம், பிறகு வயிறு முட்டத் தண்ணீர். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். ஜில்லென்று பசையைத் தடவி அந்த டாக்டரம்மா விலாவுக்குக் கீழே அழுத்தினாள். மூச்சை இழுங்க, நிறுத்துங்க, விடுங்க. மறுபடி இழுங்க. மறுபடி. அவள் கண் திரையிலேயே இருந்தது. உதட்டை உள்ளே மடித்துக்கொண்டிருந்தாள், சொல்ல வந்ததை விழுங்குகிறவர்கள் அப்படித்தான் மடிப்பார்கள். என் முகத்தைப் பார்க்காமலே, “வீட்டுக்காரர் வந்திருக்காரா?” என்றாள். ஆமாம் என்றேன். “வெளியதான இருக்காரு?” ஆமாம் என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. எதற்கு என் வீட்டுக்காரரைத் தேடுகிறாள். நோயாளியிடம் சொல்ல முடியாததைத்தானே வெளியே இருப்பவரிடம் சொல்வார்கள். அதன் பிறகு இவர் ஸ்கேனுக்கு உள்ளே போனார், போனவர் இருபது நிமிஷம் வரவில்லை, வந்ததும் பசிக்கவில்லை என்றார். பக்கத்து ஓட்டலில் எனக்கு மட்டும் பொங்கல் சொல்லிவிட்டு நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தானே டீ போட்டார், இஞ்சி தட்டி. நேற்று ரிப்போர்ட் அவர் நம்பருக்கு வந்தது. எல்லாம் நார்மல், உனக்கு வைட்டமின் டி மட்டும் கொஞ்சம் கம்மி, என்றார். அந்தக் கொஞ்சம் என்ற சொல்லைச் சொல்லும்போது ஏன் பாத்திரம் கழுவுகிற பக்கம் திரும்பிக்கொண்டார். இன்று காலை அண்ணி போன் பண்ணி, நல்லா இருக்கியா சசி, வேலை வேலைன்னு உடம்பக் கெடுத்துக்காத, என்றாள். ஊறுகாய்ப் பாட்டிலைத் திருப்பித் தரவில்லை என்று நாலு மாசமாகப் பேசாதவள். ஊறுகாயைப் பற்றி மூச்சே விடவில்லை. சாகப்போகிறவளிடம் யார் பாட்டில் கேட்பார்கள்.

பட்டனைத் தட்டினால் திரை ஓடுகிறது, ஓடட்டும். கண்ணாடி போட்ட பேராசிரியை ஒருத்தி ஜன்னலோரம் நின்று சொல்கிறாள்: ராஜாவின் சாவைப் பற்றி வாய் திறப்பது ராஜத்துரோகம், தலை போய்விடும். அதனால் காலில் புண் அழுகி நாற்றம் மூன்று அறைக்கு அடித்தபோதும் வைத்தியர்கள் கட்டை மாற்றிக் கட்டிவிட்டுக் குனிந்து வணங்கிப் போனார்கள். நேற்று இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இன்றைக்கு வரவில்லை. சமையல்கட்டில் வாத்து உரிப்பவனுக்குத் தெரிந்திருக்கும், குதிரை லாயத்தில் தெரிந்திருக்கும், நதியில் படகு தள்ளுகிறவனுக்குத் தெரிந்திருக்கும். படுக்கையில் கிடக்கிற ஆளுக்கு மட்டும் தெரியாது. இரண்டு ராணிகளை வெட்டக் கொடுத்தவர், இரண்டு பேரைத் தள்ளிவைத்தவர், அவரிடம் யார் போய்ச் சொல்வது. கடைசியில் டென்னி என்று ஒரு பிரபு கட்டிலருகே போய்ச் சொல்கிறார், மனிதர்களுக்குத் தெரிந்த வரையில் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று. அந்த ஒரு வரிதான் எனக்குக் காலையிலிருந்து அமையவில்லை. உதடு ஒட்டுகிற இடங்கள் சரியாக வந்தால் சொல் முரடாக இருக்கிறது. சொல் மெதுவாக வந்தால் டென்னி வாயை மூடின பிறகும் தமிழ் ஓடுகிறது. பிழைக்கமாட்டீர்கள். பிரியப்போகிறீர்கள். முடிவு நெருங்கிவிட்டது பிரபோ. எல்லாமே நாடகம். ஒரு மனுஷனிடம் நீ சாகப்போகிறாய் என்று எப்படித்தான் சொல்வார்கள். நான் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லவில்லை. அப்பாவுக்கு இரைப்பையில் வந்தபோது அண்ணனும் நானும் அல்சர் என்றோம். அப்பா நம்பாமல் ரிப்போர்ட்டைக் காட்டு என்றார். அண்ணன் தன் லேபிலேயே உட்கார்ந்து வேறொரு ரிப்போர்ட் அடித்து, சீல் குத்திக் கொண்டுவந்தான். அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரி வரியாக வாசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “பாப்பா, நீ சொல்லு,” என்றார். என் வாயையே பார்த்தார். “அல்சர்தான்பா,” என்றேன். நடுங்கவே இல்லை. அந்தச் சொல்லில் உதடு ஒட்டுவதே கடைசியில் அந்தப் பா என்ற ஒரு எழுத்தில்தான். அவர் நம்பினாரா, நம்பினது மாதிரி இருந்தாரா, பதினொரு வருஷமாக எனக்குத் தெரியவில்லை.

டேவிட் கூப்பிடுகிறான். டப்பிங் தியேட்டரில் எல்லாம் பார்த்துக்கொள்கிறவன், நல்ல பையன், நாற்பது வயசானாலும் பையன்தான். “சசிக்கா, ராஜா பெட்ல இருக்குற சீன் வந்துருச்சா? ராஜாவுக்கு வாய்ஸ் குடுக்குறவரு வெள்ளிக்கிழமை காலைல ஒரு மணி நேரம்தான் தருவாராம்.” அந்த ஒரு வரி மட்டும் நிற்கவில்லை என்றேன். “நேரா போட்ருங்கக்கா. மன்னா நீங்க பிழைக்கமாட்டீங்கன்னு.” அப்படியெல்லாம் ஒருத்தர்கிட்ட நேராகச் சொல்ல முடியுமா டேவிட் என்றேன். “அக்கா, உங்க குரல் ஒரு மாதிரி இருக்கே. உடம்பு சரியில்லையா?” என்றான். உடம்பு சரியில்லையா என்று ஏன் கேட்கிறான். இவனுக்கும் சொல்லிவிட்டாரா. இவர் நம்பர் டேவிட்டிடம் உண்டு, போன வருஷம் மழையில் என்னைக் கொண்டுவந்து விட்டபோது வாங்கிக்கொண்டான். இல்லை, டேவிட்டுக்கு எப்படி. நன்றாகத்தான் இருக்கிறேன், சாயங்காலம் அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். ஏதோ இருப்பதுபோல இருந்தது. எல்லோருக்கும் அங்கே ஏதாவது இருக்கத்தான் செய்யும். சனிக்கிழமைக்கு முன்னால் நான் அங்கே அழுத்திப் பார்த்ததில்லை, அதனால் எது புதிது எது பழையது என்று எப்படித் தெரியும்.

ஹென்றியின் கடைசி ராணி கேத்தரின் பார் என்று ஒருத்தி. அவளைக் கைது செய்ய ராஜா கையெழுத்துப் போட்ட தாள் யாரோ ஒருவன் மடியிலிருந்து நழுவி விழுந்து, அது அவள் கைக்கே வந்ததாக ஒரு கதை சொல்கிறார்கள். இந்தக் காட்சியை நேற்று நாலு முறை ஓட்டினேன், அவள் தாளைப் பிரிக்கும்போது வாயே அசையாது, வசனமே கிடையாது, எனக்கு வேலை இல்லாத காட்சி. ஆனாலும் ஓட்டினேன். அந்தத் தாள் விழாமல் இருந்திருந்தால் அவள் பாட்டுக்கு ராஜாவின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு இருந்திருப்பாள். இவர் பால்கனியிலிருந்து உள்ளே வந்தார். சட்டை முதுகில் ஒட்டிக்கிடந்தது. “சசி, பால் வாங்கிட்டு வந்துடறேன்,” என்றார், என்னைப் பார்க்காமல் செருப்பைத் தேடிக்கொண்டு. ஃப்ரிட்ஜில் இரண்டு பாக்கெட் பால் இருக்கிறது. காலையில் அவர்தான் வைத்தார். “ம்,” என்றேன். லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்கும் வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற அவருடைய ஆபீஸ் பையைத் திறந்தேன். இருபத்தேழு வருஷத்தில் அதுவும் முதல் தடவை. டிபன் பாக்ஸ், டெஸ்டர், ஒரு பழைய கால அட்டவணை, அதற்கடியில் ஆஸ்பத்திரியின் நீலக் கவர், நம்பருக்கு வந்ததைத் தாளிலும் வாங்கிவைத்திருக்கிறார். உள்ளே என் பெயர். சசிரேகா, வயது ஐம்பத்தொன்று. ஏழு பக்கம். கல்லீரல் இயல்பு. பித்தப்பை இயல்பு. சிறுநீரகங்கள் இரண்டும் இயல்பு. ரத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் அந்தந்த எல்லைக்குள். வைட்டமின் டி மட்டும் குறைவு, அவர் சொன்ன மாதிரியே. சந்தோஷப்பட வேண்டிய இடம். நான் கவரைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன், இன்னொரு தாள் விழுகிறதா என்று. விழவில்லை. இவருடைய ரிப்போர்ட்டும் அதில் இல்லை. ஏன் என்னுடையதை மட்டும் தனியாகக் கவரில் போட்டுப் பையில் ஒளித்துவைத்திருக்கிறார். என் கையில் சிக்கட்டும் என்றா. ஜன்னல் வெளிச்சத்தில் சீலைப் பார்த்தேன். சீல் நன்றாகத்தான் இருந்தது. அப்பா பார்த்த சீலும் நன்றாகத்தான் இருந்தது. மச்சான், ஒரு ரிப்போர்ட் வேணும், நல்லதா. அவனுக்கு அது என்ன பெரிய விஷயம், பழகின கை. எல்லாம் இயல்பு, ஒன்றே ஒன்று மட்டும் குறைவு, நம்புவதற்காக. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதுவேன். கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன். யார் யாருக்கு என்ன தர வேண்டும், புனேயில் இருக்கிற மகளுக்கு யார் சொல்வார்கள், என் புடவைகளை அண்ணி எடுத்துக்கொள்வாளா, இவருக்கு ரசத்துக்கு எவ்வளவு புளி என்றுகூடத் தெரியாதே என்றெல்லாம் ஓடியது. இவர் தனியாக ஹாலில் உட்கார்ந்து சத்தமாகப் போன் பேசுவது தெரிந்தது. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. என்னிடம் சொல்லாமல் என்னைச் சாக விடப் பார்க்கிறார்கள்.

கதவு திறந்தது. கையில் பால் இல்லை. என்னையும் கட்டிலில் கிடந்த நீலக் கவரையும் பார்த்தார். நின்ற இடத்திலேயே நின்றார்.

“உக்காருங்க,” என்றேன்.

உட்கார்ந்தார், கட்டிலின் அந்த ஓரத்தில்.

“எனக்கு எத்தனை நாள்னு சொல்லியிருக்காங்க?”

“என்ன எத்தனை நாள்?”

“அண்ணன்கிட்ட பேசினத பாத்தேன். பயப்படுவான்னு சொன்னீங்க. எனக்கு வாய் பாக்கத் தெரியும், உங்களுக்குத் தெரியாதா. இந்த ரிப்போர்ட் அவன் அடிச்சுக் குடுத்ததுதான? அப்பாவுக்குச் செஞ்ச மாதிரி.”

அவர் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று தெரிந்தது. பிறகு விளங்கியது. உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டு, பிரியாமல், அப்படியே இருந்தது.

“உனக்கு ஒண்ணும் இல்ல சசி,” என்றார். “உன் ரிப்போர்ட் அதுதான். நெசமாவே உனக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான்.”

இதைச் சொல்லத்தான் வேண்டும். அவர் அதைச் சொன்னபோது என் உடம்பு முழுக்க ஒரு இளக்கம் வந்தது. தலையிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கிவைத்த மாதிரி. மூச்சு வெளியே போனது, எனக்கே கேட்டது. எனக்கு இல்லை. ஒரு நொடி, அவ்வளவுதான், அதற்குள் எனக்குத்தான் என்ற சொல் என்னை வந்து அடைந்தது. ஆனால் அந்த ஒரு நொடியை அவர் பார்த்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முகத்தை மாற்றப் பார்த்தேன், எந்த முகத்துக்கு மாற்றுவது என்று தெரியவில்லை.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “நாலு நாளா உனக்குன்னா நெனச்சுட்டிருந்த?” என்றார்.

“ஸ்கேன் பண்ணவ வீட்டுக்காரர் வந்திருக்காரான்னு கேட்டா.”

“அடுத்த டோக்கன் நான்தான. அதுக்குக் கேட்டிருப்பாங்க.” நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “எனக்குப் பாக்கும்போது அவங்க ஒண்ணுமே கேக்கல. இன்னொரு டாக்டரக் கூட்டிட்டு வந்தாங்க. இடது கிட்னில ஒரு கட்டி. நாலு சென்டிமீட்டர். சிடி ஸ்கேன் எடுத்துப் பாத்தாத்தான் என்னன்னு தெரியுமாம். ஆனா ஆப்பரேஷன் பண்ணி எடுக்க வேண்டியிருக்கும்னு இப்பவே சொல்றாங்க.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“உங்கப்பா போனப்புறம் நீ ஆறு மாசம் யார்கிட்டயும் பேசல. எங்கிட்டகூட. ஞாபகம் இருக்கா உனக்கு? எனக்கு இருக்கு. தட்டுல சோத்த வெச்சுட்டு அப்படியே உக்காந்திருப்ப. மறுபடி அந்த மாதிரி…” நிறுத்திவிட்டார். “எப்படிச் சொல்றதுன்னு நேத்துலருந்து மச்சான்கிட்டதான் கேட்டுட்டிருந்தேன். பயப்படுவான்னு நான் சொல்லல. பயமா வருது மச்சான்னு சொன்னேன்.”

பயமா வருது. இரண்டு முறை ஒட்டி, மூன்றாவதற்குப் பல். அவ்வளவு சரியாகப் பொருந்துகிறது, நான் ஏன் அதை எடுத்துக்கொள்ளவில்லை. நாலு நாளாக இந்த மனுஷன் டீ போட்டது, சாப்பிடாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, சும்மா என்று லீவு போட்டது, எல்லாவற்றையும் என் பக்கமே இழுத்துக் கோத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு தடவையாவது இவருக்கு என்னவோ என்று தோன்றியதா. தோன்றவில்லை. இவரோடு இருபத்தேழு வருஷம் இருந்தும், இவர் ரிப்போர்ட் எங்கே என்று நான் கேட்கவே இல்லை. கவரைக் கவிழ்த்துத் தேடியபோதுகூட எனக்கான தாளைத்தான் தேடினேன். வேலை மேஜையில் போன் அடித்தது, டேவிட்டாகத்தான் இருக்கும். அடித்து ஓய்ந்தது.

“வலிக்குதா?” என்றேன்.

“இல்ல. அதனாலதான் தெரியாமப் போச்சு.”

“எந்த இடம்?”

சட்டையைக் கொஞ்சம் தூக்கி, என் கையைப் பிடித்து இடது விலாவுக்குக் கீழே, முதுகை ஒட்டினாற்போல வைத்தார். என் விரல்களுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. வெயிலில் நின்ற சூடும் வியர்வையும், மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குகிற சதையும்தான். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அவர் அப்படியே இருந்தார்.

“சிடி என்னைக்கு?”

“வியாழக்கிழமை ஒம்பதரைக்கு. வெறும் வயித்துல வரச் சொல்லியிருக்காங்க.”

“நானும் சாப்பிடாம வர்றேன்.”

“உனக்கு எதுக்கு?” என்றார். நான் கையை எடுக்கவில்லை.